கேற்றடியில் நாலு றப்பர் நரம்பு

கோதுமைக் கப்பலில் மழை வந்தால் வேலை நின்றுவிடும். தானியத்தில் ஈரம் படக்கூடாதென்று நிலவறையின் இரும்பு மூடிகளை இழுத்து மூடிவிடுவார்கள். உறிஞ்சி எடுக்கிற யந்திரமும் நிற்கும், மூலையில் கூட்டி ஒதுக்குகிற நாங்களும் நிற்போம். போன மார்கழியில் வந்த கப்பல் திருகோணமலையில் பதினொரு நாள் கிடந்தது. அதில் எட்டு நாள் மழை.

அந்த எட்டு நாளும் நாங்கள் ஒதுங்கியது கப்பல் குசினிக்குப் பக்கத்து நடையில். சமையல்காரன் றொமேல் பிலிப்பைன்ஸ்காரன், எங்களை விரட்டாத மனிதன். சட்டிபானை கழுவி முடிந்ததும் கதிரையைப் போட்டு உட்கார்ந்து மடியில் ஒரு சின்னக் கிற்றாரை வைத்துக்கொள்வான். கைக்குழந்தை அளவுதான் இருக்கும். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்றே நான் நினைத்தேன். அவன் அதை ஒரு ஸ்பீக்கர் பெட்டியோடு வயரால் இணைத்து, மேல் நரம்பைப் பெருவிரலால் ஒருமுறை தட்டினான்.

அந்தச் சத்தம் என் காதுக்கு வரமுதல் வயிற்றுக்கு வந்தது. கீழே எங்கோ பெரிய எஞ்சின் ஒன்று புரண்டு படுத்தது போல இருந்தது. வேறு யாராவது வாசிக்கிறார்களோ என்று சுற்றிப் பார்த்தேன். அவன் மட்டும்தான்.

"இதுக்குள்ள இருந்தே வருது?" என்று பக்கத்தில் இருந்த ஸெய்னுதீன் நானாவைக் கேட்டேன். கிண்ணியாக்காரர், இருபது வருடமாக என்னோடு ஒரே குழுவில் நிற்கிறவர்.

"இல்ல கிறிஸ்தோபர், கப்பலுக்குப் பசி. வயிறு கத்துது," என்றார்.

மூன்றாம் நாள் றொமேல் அதைத் தூக்கி என் மடியில் வைத்தான். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஒருமுறை மச்சானுடைய கிற்றாரைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். சாக்குக் கொக்கி பிடித்துத் தடித்த விரல்கள் இவை. அந்தக் கிற்றாரில் ஒரு விரலை வைத்தால் இரண்டு கம்பி அமுங்கியது, எது அமுங்கியதென்றும் தோலுக்குத் தெரியவில்லை. ஆனால் இதில் இருந்தவை கம்பிகள் அல்ல. சைக்கிள் பிறேக் வயரின் தடிப்பில் நாலு கறுத்த றப்பர் நரம்புகள். கையில் ஒட்டாமல் இருக்கப் பிள்ளைகளுக்குப் பூசுகிற பவுடரை என் விரல்களில் தடவிவிட்டான். விரலை வைத்தேன். ஒரு விரலுக்கு ஒரு நரம்பு, சரியாக இருந்தது. இந்த விரல்களை மனதில் வைத்து உலகத்தில் யாரோ ஒருவன் ஒரு வாத்தியம் செய்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

நாலு இடம் காட்டித் தந்தான். நாலையும் சுற்றிச் சுற்றி வாசிக்க வேண்டும். இதன் பெயர் பேஸ், இது பாட்டைப் பாடாது என்பதைக் கையால் விளங்கப்படுத்தினான். ஒரு கையை விரித்து வைத்து, மற்றக் கையை அதன் மேல் நடக்கவிட்டான். மேலே நடக்கிறது பாட்டு, கீழே கிடக்கிறது இது. எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பதினோராம் நாள் காலை அவன் அதைப் பவுடர் ரின்னோடு எனக்கே தந்தான். மணிலாவில் வேறொன்று வாங்கப்போகிறானாம். ஸ்பீக்கர் பெட்டி மட்டும் தனக்கு வேண்டும் என்றான். நான் மறுத்தேன். அவன் என் கையைத் திருப்பி, விரல்களைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். மத்தியானம் கப்பல் போய்விட்டது.

நாலு மணிக்கு வேலை விட்டு நானாவும் நானும் கேற்றுக்கு வந்தோம். துறைமுகத்துக்குள்ளிருந்து ஒரு ஆணியை வெளியே கொண்டுபோவதென்றாலும் பாஸ் எழுத வேண்டும். அன்று காவலறையில் இருந்தவர் றிஸ்வி, வயது முப்பது இருக்கும். போன மாதம் யாரோ ஒரு பெயின்ற் வாளியைக் கடத்தியதில் எல்லாருக்கும் விசாரணை வந்திருந்தது. பேஸைப் போட்டுக் கட்டியிருந்த என் சாக்கை அவர் அவிழ்த்தார்.

"அண்ணன், இது என்ன?"

"பேஸ் கிற்றார் சேர்."

"கிற்றார் எனக்குத் தெரியும். இது கிற்றாரிட பிள்ளை." பவுடர் ரின்னைத் தூக்கிப் பார்த்தார். "இந்த வெள்ளைத் தூள்?"

"பிள்ளை எண்டா பவுடர் பூசத்தானே வேணும் சேர்," என்றார் நானா.

றிஸ்வி சிரிக்கவில்லை. "ஆர் தந்த?"

"கப்பல் குக் தந்தவர்."

"தந்ததெண்டு கடிதம்?"

"தரேல்ல சேர். எனக்குக் கேக்கத் தெரியேல்ல."

"கப்பல்?"

"போயிட்டுது."

"கப்பலும் இல்ல, கடிதமும் இல்ல. நான் என்னண்டு விடுறது? நாளைக்கு அவன் தன்ட சாமானைக் காணேல்ல எண்டு எழுதினா?"

அவருக்குப் பின்னால் பிடிபட்ட சாமான்கள் போடுகிற அறை. கயிறு, மின்விசிறி, ஒரு சோடி சப்பாத்து. அதற்குள் போன எதுவும் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. காலையில் கையில் வந்தது, பின்னேரம் அந்த அறைக்குள் போகப்போகிறது.

றிஸ்வி பேஸை எடுத்து என்னிடம் நீட்டினார். "உங்கட எண்டா வாசிச்சுக் காட்டுங்க. களவெடுத்தவனுக்கு வாசிக்கத் தெரியாதுதானே."

காவலறைக் கதிரையில் உட்கார்ந்து விரல்களுக்குப் பவுடர் பூசிக்கொண்டு தட்டினேன். பெட்டி இல்லாமல் வாசிப்பது அதுதான் முதல் தடவை. நுளம்பு செட்டை அடித்த அளவுதான் கேட்டது. வெளியே நின்ற லொறியின் எஞ்சின் அதையும் விழுங்கியது.

றிஸ்வி காதைக் கிட்டக் கொண்டுவந்தார். "எங்க?"

"வாசிக்கிறன் சேர்."

"இது பழுது அண்ணன். பழுதான சாமானை ஏன் தரப்போறான்?"

வியர்வையில் பிடி நழுவியது. இன்னும் நிமிர்ந்து இருப்போமென்று கதிரையைப் பின்னுக்குத் தள்ளினேன். பேஸின் அடிப்பக்கம் போய்க் கோப்பு அடுக்கிய பழைய பலகை அலுமாரியில் முட்டியது. அதே நேரம் என் பெருவிரலும் மேல் நரம்பைத் தட்டிவிட்டது.

அலுமாரி பேசியது. வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதன் மேலிருந்த தேத்தண்ணிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. நிலத்தின் வழியாக வந்து என் காலில் ஏறியது. மேசையில் வைத்திருந்த கையை றிஸ்வி சட்டென்று எடுத்தார்.

பேஸை அலுமாரியோடு நன்றாக அழுத்திப் பிடித்து நாலு இடத்தையும் சுற்றி வந்தேன். திரும்பவும் சுற்றி வந்தேன். வெளியே லொறிக்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டு யன்னலால் எட்டிப் பார்த்தான். நாலு றப்பர் துண்டும் ஒரு பழைய பலகையும். இவ்வளவு பெரியது இதற்குள் எங்கே இருந்தது?

"நல்லாத்தான் இருக்கு," என்றார் றிஸ்வி. "ஆனா பாட்டு எங்க?"

"பாட்டு இதில இல்ல சேர். இது கீழ கிடக்கிறது. மேல ஆராவது பாடவேணும்."

"இது நல்ல கதை."

"நானா, ஒண்டு பாடுங்கோ," என்றேன்.

"நான் பாடினா சாமானோட சேத்து உன்னையும் உள்ள போட்டுடுவாங்க."

நிறுத்தினால் அது அந்த அறைக்குள் போய்விடும் என்ற பயத்தில் நான் நிறுத்தவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தேன். எத்தனையாவது சுற்றோ தெரியாது, றிஸ்வியின் பேனை மேசையில் மெல்லத் தட்டத் தொடங்கியது. பிறகு அவருடைய மூடிய வாய்க்குள்ளிருந்து ஒரு மெட்டு வந்தது. நான் முன்பு கேட்டிராத மெட்டு. தான் முனகுவது அவருக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் எதையும் மாற்றவில்லை, அதே நாலு இடம்தான். ஆனால் இப்போது அவற்றின் மேல் ஒரு மனிதர் நடந்து போய்க்கொண்டிருந்தார், வழுக்காமல், வழி தெரிந்தவராக. இருபது வருடமாக எந்தச் சுமையின் கீழே நின்றாலும் எனக்குக் கழுத்து நொந்திருக்கிறது. அன்று நோகவில்லை.

றிஸ்வி திடீரென்று நிறுத்தினார். முகம் சிவந்துபோயிருந்தது. மேசை லாச்சியைத் திறந்து பாஸ் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"அலுமாரிக்கும் ஒரு துண்டு எழுதுங்க சேர்," என்றார் நானா. "அது இல்லாம இவருக்கு வாசிக்க ஏலாது."

"அது துறைமுகச் சொத்து," என்றார் றிஸ்வி, தலையை நிமிர்த்தாமல்.

புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். 'கொண்டு செல்பவர்' என்ற இடம் எனக்குப் பழக்கம். வேறு ஆட்களின் சாமான்களுக்காக எத்தனையோ தடவை அதில் கையெழுத்து வைத்திருக்கிறேன். வைத்துவிட்டுப் பேனையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அடுத்த வரியில் விரலை வைத்து, "இதிலயும் வைங்க," என்றார்.

'உரிமையாளர்' என்று இருந்தது. எழுத்துக் கூட்டி ஒருமுறை வாசித்தேன், சரிதானா என்று இன்னொருமுறை வாசித்தேன். பிறகு என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதத் தொடங்கினேன். நீளமான பெயர். பின்னால் நின்ற லொறி ஒன்று ஹோன் அடித்தது. றிஸ்வி யன்னலால் கையை நீட்டி அதைப் பொறுக்கச் சொன்னார்.