கேட் ஜோன்ஸ்

கறிக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பத்திரிகைப் படத்தைப் பார்த்ததும் எம்ரிஸ் ஜோன்ஸுக்கு ரத்தம் கொதித்தது. ‘பாட்டுப் போட்டியில் வென்ற எம்ரிஸ் ஜோன்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மேலே இளித்துக்கொண்டிருந்தவனோ கடைக்காரன் கறி ஜோன்ஸ்.

எங்கள் பள்ளத்தாக்கில் தடுக்கி விழுந்தால் ஒரு ஜோன்ஸ் மேல்தான் விழ வேண்டும். எம்ரிஸ் ஜோன்ஸ் மட்டும், கறி ஜோன்ஸையும் சேர்த்து, மூன்று பேர். அதனால் தொழிலையோ, செய்த காரியத்தையோ சேர்த்துக் கூப்பிடுவோம். இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை நம் பாட்டுக்கார எம்ரிஸ் ஆட்டுப்பட்டிக் கேட்டைச் சாத்த மறந்தார். நாற்பது ஆடுகள் தேவாலயத்துக்குள் புகுந்து பிரசங்கத்தைக் கெடுத்தன. அன்று முதல் இவர் கேட் ஜோன்ஸ்.

போட்டியில் ஜெயித்ததும், “வெறும் எம்ரிஸ் ஜோன்ஸ்னு போடுங்க” என்று போட்டிச் செயலாளர் மெனாவிடம் அடம்பிடித்தார். “வம்பை விலைக்கு வாங்காதீங்க” என்றாள் அவள். இவர் கேட்கவில்லை.

இப்போது கடைக்குள் பாய்ந்தார்.

“ஏண்டா, பாடினது நானு, பல்லைக் காட்டுறது நீயா?”

“போட்டோக்காரன், ‘எம்ரிஸ் ஜோன்ஸ் நீங்கதானே’ன்னான். பொய் சொல்லச் சொல்றியா?” கறி ஜோன்ஸ் கத்தியைத் தீட்டினான். “இந்தா, இதுவும் வந்துது. சனிக்கிழமை கார்டிஃப்ல தனிப்பாட்டாம்.”

“என் கடிதாசிய ஏண்டா பிரிச்சே?”

“என் பேருதானே போட்டிருக்கு! வரேன்னு பதில்கூட எழுதிட்டேன். பாட வராட்டி என்ன? ஓசிச் சாப்பாடு!”

தலைநகர் கார்டிஃபின் மேடை எம்ரிஸின் வாழ்நாள் கனவு. கடைத் தொலைபேசியைப் பிடுங்கி, கடிதத்திலிருந்த எண்ணைச் சுழற்றினார். நிகழ்ச்சி நடத்தும் அம்மாள் எடுத்தாள்.

“அம்மா, பாடப்போறது நான்தான். எம்ரிஸ் ஜோன்ஸ்.”

“அவர்தான் வரேன்னு எழுதிட்டாரே. நீங்க எந்த எம்ரிஸ் ஜோன்ஸ்?”

“ஜெயிச்ச எம்ரிஸ் ஜோன்ஸ்!”

“ரெண்டு பேரும் அப்படித்தானே சொல்வீங்க? ஊர்ல உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?”

கத்தி தீட்டும் சத்தம் நின்றது. எம்ரிஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“...கேட்.”

“காதுல விழலைங்க.”

“கேட்! கேட் ஜோன்ஸ்!”

கறி வாங்க நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மறுமுனையிலும் சிரிப்பு.

“அட, கோயிலுக்குள்ள ஆடு விட்டவரா? எங்க மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு! கண்டிப்பா வாங்க. நிகழ்ச்சித்தாள்ல அப்படியே போட்டுடறேன், குழப்பம் வராது.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். திரும்பிப் பார்த்தால், கறி ஜோன்ஸ் படத்தில் இருந்தபடியே இளித்துக்கொண்டிருந்தான்.

“போட்டுத் தொலைங்க” என்று தொலைபேசியை வைத்தார்.

வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: “டேய் கேட்டு! கதவைச் சாத்திட்டுப் போ!”

எம்ரிஸ் கதவை அகலத் திறந்துபோட்டுவிட்டு நடந்தார்.