இன்னும் ஒரு திருகு

என் கை சும்மா இருக்காது. சுவரில் படம் நேராகத் தொங்கினாலும் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நகர்வேன். என் மனைவி ஷர்மிளாவின் பைக்கில், செயினுக்குத் தானாக எண்ணெய் விடும் கருவியைப் பொருத்தியபோதே அவள் சொன்னாள்: "மாட்டிட்டேல்ல கிரி? இனிமே அதுல கை வைக்காதே."

சின்ன டப்பாதான். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று பின்சக்கரத்துச் செயின் வரை போகும். எஞ்சின் ஓடும்போது சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழும். டப்பாவின் தலையிலுள்ள திருகைத் திருப்பினால் சொட்டு கூடும், குறையும். போன பயணத்தில் காய்ந்துபோன செயின் அறுந்து நடுக்காட்டில் நின்றாள். அதிலிருந்து அவள் கிளம்பினாலே செயினைக் குனிந்து பார்ப்பேன். எனக்கு ஸ்கூட்டரோடு சரி, பைக் வராது. கூடப் போக முடியாதவன் எண்ணெயையாவது அனுப்பலாமே என்று வாங்கியது அது.

சங்கராந்தி லீவில் அவளும் தோழி நஸ்ரினும் ஸ்ரீசைலம் போவதாக ஏற்பாடு. விடிகாலை, ஹப்சிகுடாவில் எங்கள் அபார்ட்மெண்ட் செல்லார் பார்க்கிங்கில் நல்ல குளிர். எஞ்சினை ஓடவிட்டு, மறந்த ஹெல்மெட்டை எடுக்க ஷர்மிளா மேலே போனாள். நான் குனிந்து பார்த்தேன். சொட்டு விழவில்லை. எண்ணெய் விஷயத்தில் எங்கள் வீட்டுக் கை தாராளம். தலைக்கு வைத்தால் காதில் வழியும். திருகை இன்னும் கொஞ்சம் திறந்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

அவள் போன பிறகுதான் மண்டையில் உறைத்தது. குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், மெதுவாக இறங்கும். வண்டி ஓடிச் சூடேறினால் இளகி ஓடும். வழிந்தால் நேரே பின்டயரில்தான். அந்த டயரோடு அவள் மலை வளைவுகளில் திரும்ப வேண்டும்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. நஸ்ரினும் எடுக்கவில்லை. காஞ்சன்பாக் டீக்கடையில் இருவரும் சந்திப்பதாகப் பேச்சு. ஸ்கூட்டரைக் கிளப்பினேன். லீவு நாள், சாலையே காலி, பாழாய்ப்போன சிக்னல் மட்டும் சிவப்பிலேயே நின்றது. வழியில் ஓரிடத்தில் நாலு பேர் குனிந்து நின்றார்கள். எனக்கு உயிர் போய்விட்டது. அறுந்து விழுந்த பட்டத்தின் நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திட்டிக்கொண்டே போனேன்.

டீக்கடையில் இருவரும் இருந்தார்கள். ஷர்மிளா பழைய துணியால் பின்டயரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலியான டப்பாவைக் குழாயோடு கழற்றிப் பெஞ்சில் வைத்திருந்தாள்.

"உப்பல்ல திரும்பும்போது பின்னால வழுக்கிச்சு. எப்படியோ விழாம நிறுத்திட்டேன்," என்றாள். "திருகினியா?"

"காய்ஞ்சிருமோன்னு..."

"கைக்கு பாய், எதுக்கு இப்படி?" என்று தலையில் கைவைத்தாள் நஸ்ரின்.

ஷர்மிளா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "என்னைக் கொன்னிருப்பே கிரி. பாசத்துலதான். ஆனா கொன்னிருப்பே."

"குறைச்சு வச்சு, திரும்ப மாட்டித் தரேன்."

"நக்கோ, வேண்டாம்." பையிலிருந்து செயின் ஸ்ப்ரேயை எடுத்துக் காட்டினாள். "என் செயினை நான் பாத்துக்கறேன். நீ இதை வச்சுக்கோ." டப்பாவை என் கையில் திணித்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் உட்கார முடியவில்லை. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மதியம் தாண்டிப் போன் வந்தது.

"வந்து சேந்துட்டோம். செயினுக்கும் போட்டாச்சு. சாப்பிட்டியா?"

குனிந்து பார்த்தேன். காலி டப்பா கையிலேயே இருந்தது. காலையிலிருந்து அதன் திருகைத் திறந்து மூடிக்கொண்டே இருந்திருக்கிறேன். கை அப்போதுதான் நின்றது.