நூற்றிருபது அடியில் மூச்சு

கிழக்கு வெளுத்ததும் முதல் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலில் இறங்கிய ரெனெல், வெயில் ஏறுவதற்குள் மூன்றாவதையும் காலி செய்திருந்தான். சாக்கில் பாதிகூடச் சிங்கி இறால் இல்லை. ஹோண்டுராசின் காவ்கிரா கரையிலிருந்து இரண்டு நாள் தொலைவில் படகு நங்கூரமிட்டிருந்தது.

மேல்தட்டில் அவன் மச்சினன் ஒஸ்வின் கிடந்தான். நேற்று நூற்றிருபது அடி ஆழத்தில் காற்று குறையக் குறைய, வாயில் கவ்வி மூச்சிழுக்கும் அவனது ரெகுலேட்டர் இறுகிக்கொண்டே போயிற்று. சிலிண்டரில் காற்று மிச்சமிருந்தது. இழுத்தால் போதிய அளவு வரவில்லை. மூச்சுமுட்டி எங்கும் நிற்காமல் வேகமாக மேலே வந்தவனுக்கு, அப்படி ஏறினால் ரத்தத்தில் சேரும் காற்றுக் குமிழிகளால், அதன்பின் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ரெனெல் வாழைக்கூழை ஊட்டினான். ரெனெலுக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

படகைக் கரைக்குத் திருப்பச் சொல்லி, ரெனெலோடு சேர்த்து மற்ற பத்து முக்குளிப்பாளர்களும் கேப்டன் ஹார்லனிடம் போனார்கள்.

"இதே சாமான்லதான் நானும் இருபது வருஷம் முங்கினேன். காத்து குறைஞ்சா இறுகும். மேல வாடான்னு அது சொல்ற எச்சரிக்கை" என்றார் ஹார்லன்.

"நீங்க முங்குனது நாப்பது அடியில கேப்டன். அங்க அது நல்ல சாமான்தான்" என்றான் ரெனெல். "இப்ப அங்க இறால் ஏது? நூத்திருபதுல அது இறுகுறப்போ, நிதானமா ஏறி வரக் காத்து கொடுக்காது. உங்க அறையில தொங்குதே, சமன் பண்ணின ரெகுலேட்டர், அது கடைசிவரைக்கும் ஒரே மாதிரி கொடுக்கும்."

"அதுல காத்து சொல்லாமலே தீர்ந்துடும்டா."

"எவ்வளவு காத்து மிச்சம்னு காட்டத்தான் மீட்டர் இருக்கு. எங்க பத்து பேருக்கு ஒரு மீட்டர்கூடக் கிடையாது."

ஹார்லன் கடலைப் பார்த்தார். "முங்கலேன்னா போ. கரையில நூறு பேர் நிக்கிறான்."

"நிக்கிறாங்க" என்றார் முக்குளிப்பாளர்களில் மூத்தவரான தில்மன். "பாதிப்பேர் முங்கிக் கால் போய்க் கம்பூணி நிக்கிறாங்க."

அவர் தன் ரெகுலேட்டரைக் கழற்றிக் கேப்டன் காலடியில் வைத்தார். அடுத்து ரெனெல். பிறகு ஒவ்வொருவராகப் பத்துப் பேரும் வைத்தார்கள். ஒஸ்வினை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்வரை, நல்ல கருவி வரும்வரை யாரும் இறங்குவதில்லை என்று தில்மன் சொன்னார். ஹார்லன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்துப் பேரும் ஒஸ்வினைச் சுற்றி நின்று, அவன்மேல் வெயில் படாமல் தார்ப்பாயை விரித்துப் பிடித்தார்கள்.

"இன்ஜின் போட்டாச்சா?" என்றான் ஒஸ்வின்.

"இன்னும் இல்ல" என்றான் ரெனெல்.

"இன்னிக்கு யாரு இறங்குறா?"

ரெனெல் தார்ப்பாயின் முனையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"யாரும் இறங்கல மச்சான்."