குழிக்கு இரண்டு வாளி

பெருக்குகிறவள் அலுவலக வாசலில் காலி வாளியோடு நின்றிருந்தாள். உள்ளே விசாரணை நடந்துகொண்டிருந்தது.

மில்லின் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் உப்பும் கரியும் போட்டு நிரப்பிய குழி ஒன்று உண்டு. டிரான்ஸ்பார்மரை மண்ணோடு இணைக்கும் நியூட்ரல் பட்டை அதற்குள்தான் இறங்கும். தினமும் காலையில் அதில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. ஏன் என்று சொல்லிக்கொடுத்தது அதே மில்லில் ஃபிட்டராக இருந்த அவள் புருஷன்.

"மண்ணு ஈரமா இருந்தாதான் கரண்டு கசிஞ்சா ஃபியூஸ் போகும். காஞ்சு கெடந்தா மெஷின் மேலயே நிக்கும். என் உயிரு உன் வாளியில இருக்கு, பாத்துக்க."

அப்படியென்றால் குழம்பைக் குறை சொல்லாமல் சாப்பிடுங்கள் என்பாள் இவள்.

கோடையில் கிணறு இறங்கியதும் சூப்பர்வைசர் குழிக்குத் தண்ணீர் வேண்டாம் என்றார். அலுவலகத்துப் புல்தரை கருகினால் முதலாளி சும்மா விடமாட்டாராம். அவள் வாயை மூடிக்கொண்டாள். புருஷனிடமும் சொல்லவில்லை. சொன்னால் நேரே போய்ச் சண்டை பிடிப்பான், இரண்டு பேர் வேலையும் போகும் என்று பயந்தாள். இருபத்திரண்டாம் நாள் அவன் மெஷினில் கை வைத்தான். ஃபியூஸ் போகவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டி, தினமும் தண்ணீர் ஊற்றியதாக டிக் இருக்கிறதே என்றார். டிக் போடுகிற சூப்பர்வைசர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊத்தலைங்கய்யா. இவர்தான் வேணாம்னார். எம் புருஷன் செத்ததுக்கு அடுத்த மூணு நாளு பாருங்க, டிக் இருக்கா?"

"இருக்கு."

"அந்த மூணு நாளும் நான் வேலைக்கே வரலைங்க. அவரை ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருந்தோம்."

அதிகாரி பதிவேட்டை மூடினார். பிறகு, விபத்து நடந்த நாள் வரைக்கும்தான் தன் கணக்கு என்று சொல்லி, 'இறந்தவரின் கவனக்குறைவு' என்று எழுதினார்.

அவள் வெளியே வந்து வாளியை நிரப்பிக் குழியில் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் தேங்காமல் மண் இழுத்துக்கொண்டது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எழுந்து இரண்டாவது வாளிக்குப் போனபோது குழாயில் ஹோஸ் மாட்டியிருந்தது. புல் நனைந்து முடியட்டும் என்று வாளியோடு நின்றாள்.