கோடைக்கால வேட்டைக் கோட்டு

கோடையில் ஆபீசுக்குப் போடவென்று ஆயத்த ஆடைக் கம்பெனியின் டிசைனர் வரைந்த கோட்டு-சூட்டில் துணி மெல்லிசு, பைகள்தான் ஏராளம். தோளில் பட்டாளத்துப் பட்டை, மார்பில் தோட்டா செருகும் மடிப்பு, முதுகின் உள்பக்கம் சுட்ட பறவையைப் போட்டுக்கொள்ள அகலமாக ஒரு பை.

"இதை மாட்டிக்கிட்டு ஆபீசுல எந்தக் கொக்கைச் சுடப்போறாங்களாம்?" என்று முணுமுணுத்தபடியே தைத்தாள், முதல் மாதிரியைத் தைக்கும் சாம்பிள் தையல்காரி.

அந்த வாரம் அவளுக்கு எல்லாவற்றின்மீதும் எரிச்சல். கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிய அவளுடைய சின்னக் கத்தரி காணாமல் போயிருந்தது. கம்பெனி விதிப்படி எல்லா மெஷினையும் நிறுத்தித் தேடியும் கிடைக்கவில்லை. பக்கத்து மெஷினில் தைக்கும் நாத்தனார்தான் எடுத்திருப்பாள் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

சூட்டு தயாரான அன்று சாயங்காலம், டிசைனர் கோட்டைத் தானே மாட்டிக்கொண்டு கிளம்பினார். யாராக இருந்தாலும் வாசலில் சோதனை உண்டு. காவலாளி ஒவ்வொரு பையாகத் துழாவ, பின்னால் வரிசை நீண்டது.

"அவ்வளவுதானே சார்?" என்றார் காவலாளி.

"எங்க அவ்வளவுதான்? முதுகுல பெருசா ஒண்ணு இருக்கே, அதை விட்டுட்டீங்களே!" என்றாள் அடுத்து நின்ற தையல்காரி. பாடுபட்டுத் தைத்த பை யார் கண்ணிலும் படவில்லையே என்ற ஆதங்கம் அவளுக்கு.

காவலாளி கையை விட்டார். பை ஆழம் போதுமா என்று பார்க்க அவளே போட்டுவிட்டு மறந்த கத்தரி, சிவப்பு நூலோடு வெளியே வந்தது.

வரிசையில் பின்னால் நின்ற நாத்தனார் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"பரவாயில்லையே அண்ணி, முதல் வேட்டையே அமோகம்."