முன்பாரம்

மதலைமுத்து தலையில் அடித்துக்கொண்டுதான் சொன்னான். "நம்ம டிராக்டரு இருபத்திநாலு எச்.பி. தான் கேரலு. நாலடி மோவர் இழுக்கும், மூச்சப் புடிச்சா அஞ்சடி. ஆறடிய எடுத்தாந்து மாட்டுனா இன்னாத்துக்கு ஆவும்?"

கேட்கிற ஆளா அவன் பெண்டாட்டி கேரல்! பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவள். புல் வெட்டும் காண்டிராக்டைப் பேசிப் பிடிப்பது கேரல், வண்டி ஓட்டுவது அவன். ஹெப்பகோடியில் ஒரு ஃபாக்டரிக்குப் பின்னால் பெரிய மைதானம், இடுப்பளவு புல். சனிக்கிழமைக்குள் வெட்டிக் கொடுத்தால் வருஷம் முழுக்க அந்த வேலை அவர்களுக்கே. முடியாவிட்டால் ஓசூர்க்காரன் ஒருவன் ஐம்பது எச்.பி. வண்டியோடு காத்திருக்கிறான். டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல் வெட்டும் தங்கள் நாலடி மோவரை நம்பினால் சனிக்கிழமை தாண்டிவிடும் என்று, ஆறடி மோவர் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்துவிட்டாள். வாடகைக்கு விட்டவனாவது எத்தனை எச்.பி. வண்டி என்று ஒரு வார்த்தை கேட்டானா? மாட்டிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான்.

சமதளத்தில் டிராக்டர் முக்கி முனகியாவது ஓடிற்று. புல் அடர்ந்த இடத்தில் எஞ்சின் கரும்புகை கக்கும், மதலைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு கியரைக் குறைப்பான். மைதானத்தின் கோடியில் இருந்த மேடுதான் தொல்லை. மோவரைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறினால், பின்பாரம் தாங்காமல் முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின.

"பாத்தியா? முன்னாடி வெயிட்டே இல்ல," என்றான்.

"நான் இருக்கேன்ல!" கேரல் முன் பம்பரில் ஏறி உட்கார்ந்தாள். "குண்டாயிட்டே, குண்டாயிட்டேன்னு கிண்டல் பண்ணுவீங்களே, இப்ப உதவுது பாருங்க."

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, மேல போயி மோவரைக் கீழ வெக்கிற வரைக்கும் எறங்காத. இன்னா ஆனாலும் எறங்காத."

முன் சக்கரம் படிந்தது. அன்று முழுக்க மேடு வந்தபோதெல்லாம் அவள்தான் முன்பாரம். பாவி மனுஷிக்கு அதில் பெருமை வேறு.

கடைசியாக ஒரு பட்டைப் புல்தான் வெட்டப் பாக்கி. வண்டி பாதி மேட்டில் இருக்கும்போது ஃபாக்டரியின் சேஃப்டி ஆபீசர் பாலசுப்ரமணியன் ஓடி வந்தார். கெட்ட மனுஷன் இல்லை, சட்டம் பேசுகிறவர்.

"மேடம்! டிராக்டர் முன்னாடி ஆள் உக்காரக் கூடாது! எறங்குங்க!"

கேரல் கையைக் காட்டிப் பொறுங்கள் என்றாள்.

"எறங்கலேன்னா காண்டிராக்ட் கேன்சல், மேடம்!"

கேன்சல் என்ற சொல்தான் அவள் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் மறந்துபோய்க் குதித்துவிட்டாள். மதலைமுத்து ஏதோ கத்தினான். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. டிராக்டர் மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. மோவரின் வால் தரையில் குத்தி, மடங்கி, சீட்டின் மேலேயே வந்து சாய்ந்தது. நடுவில் அவன் இருந்தான்.

"ஐயோ ஏசுவே!"

எஞ்சின் அணைந்துவிட்டது. முன்பக்கம் அந்தரத்தில் நின்றது. அது கீழே வந்தால்தான் அவனை எடுக்க முடியும். பாலசுப்ரமணியனுக்குத்தான் முதலில் புரிந்தது. "முன்னாடி ஏறுங்க! எல்லாரும் ஏறித் தொங்குங்க!" என்று, பின்னாலேயே ஓடி வந்த ஃபாக்டரி வாட்ச்மேன்களைப் பார்த்து அலறிக்கொண்டே அவரே பம்பரைப் பிடித்துத் தொங்கினார். "மேடம், நீங்களும் ஏறுங்க மேடம்!"

கேரல் ஏறினாள். அவள் ஏறிய பிறகுதான் முன் சக்கரம் மெல்ல இறங்கித் தரையில் படிந்தது. மற்றவர்கள் ஓடிப்போய் மதலைமுத்துவை எடுத்து, வெட்டிய புல்லின் மேல் கிடத்தினார்கள். மூச்சு இல்லை.

"எறங்குங்க மேடம்," என்றார் பாலசுப்ரமணியன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

கேரல் பம்பரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மாட்டேன். அவரு இன்னும் மோவரைக் கீழ வெக்கல. எறங்காதன்னு சொல்லியிருக்காரு."