எல்லோருக்குமான டென்னிஸ் திடல்

யாழ்ப்பாணத்து உடுவிலில் அதிகாரிகளின் கிளப் மூடப்பட்ட பிறகு அதன் டென்னிஸ் திடல் பூட்டியே கிடந்தது. ஓய்வுபெற்ற தபால் கந்தோர் எழுதுவினைஞர் பரமலிங்கம், அதை ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லி இரண்டு வருடம் மனு எழுதினார். 1990 மே மாதம் அனுமதி கிடைத்தது. புல் செதுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டினார். முதல் போட்டிக்கு முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்தார்கள்.

ஜூனில் ராணுவத்துக்கும் புலிகளுக்கும் மறுபடி சண்டை தொடங்கியது. மயிலிட்டியில் ஷெல் விழ, மீன்பிடிக் குடும்பங்கள் ஓடிவந்து திடலில் தங்கின. போட்டிக்கு முதல்நாள் காலை பரமலிங்கம் அங்கே போனார். பெர்னடெட் என்ற பெண் வலையின்மேல் சேலையைப் போட்டு, அந்த நிழலில் மகளைக் கிடத்தியிருந்தாள்.

"தங்கச்சி, நாளைக்கு ஒருநாள் மட்டும் இந்த இடத்தை விட்டுத் தருவியளே? இரண்டு வருசமாய் அலைஞ்சு எடுத்தது."

"ஓம் ஐயா, எழும்பிறம். பிள்ளைக்கு மூண்டு நாளாய் வயித்தாலை போகுது. இவளை எங்கை கிடத்திறதெண்டு மட்டும் சொல்லுங்கோ."

கேட்டதற்கே அவர் வெட்கப்பட்டார். தாயையும் பிள்ளையையும் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். அங்கே பிள்ளைக்கு ஏற்றச் சேலைன் தீர்ந்துபோயிருந்தது. பின்னேரம் பிள்ளை இறந்துபோனது.

போட்டி நடக்கவில்லை. திடலில் இருந்த இருபது குடும்பங்களுக்கு மலசலகூடமும் நல்ல தண்ணீரும் கேட்டு மறுநாள் பரமலிங்கம் மனு எழுதினார். அதை வாங்க எந்தக் கந்தோரும் திறந்திருக்கவில்லை. திரும்பி வந்தவர் மண்வெட்டியை எடுத்து, திடலின் மூலையில் தானே மலசலகூடக் குழி வெட்டத் தொடங்கினார்.